பிள்ளைகளைக் குறைசொல்லும் முன்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியுமா? ஒரு பிடி அரிசி வடிக்கத் தெரியுமா?" திருமணப் பந்தியிலும், ஆலய முற்றத்திலும், அன்பியக் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையிலும் இக்கேள்வியைக் கேட்டுக் கேட்டு நம் செவிகள் காய்த்துப்போயின. கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவராயிருப்பார். விடையையும் அவரே கையோடு கொண்டுவந்திருப்பார். நாம் தலையசைத்தால் போதும், உரையாடல் இனிதே நிறைவெய்தும்.

இனித் தலையசைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஏன் என்பதை எழுதவே இக்கட்டுரை.

நாம் வாழ்வது ராயபுரத்தில். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்தை வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இது திருப்பூரின் ராயபுரம். 2024-25 நிதியாண்டில் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த நகரத்தின் ஒரு பகுதி. இங்கே பொத்தான் தைக்கத் தெரியாத இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். பகல் முழுதும் ஆயிரக்கணக்கான தையல்களைப் போட்டுவிட்டு, தன் சட்டைப்பை கிழிந்தால் தாயிடம் நீட்டுகிற பிள்ளைகளை நாமே அறிவோம். அயலூரார்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். பனியன் கம்பெனிக்குள் ஒருமுறை போய் வந்தவர் நகைக்க மாட்டார். தோள்பட்டை இணைப்பவர் ஒருவர். கழுத்துப்பட்டி ஏற்றுபவர் மற்றொருவர். கை ஏற்றுபவர் வேறொருவர். அடிமடிப்பைப் பேட்லாக்கில் ஓட்டுபவர் இன்னொருவர். பிசிறு வெட்டுவோர், செக்கிங் பார்ப்போர், அயர்ன் போடுவோர், மடித்துப் பெட்டியில் அடுக்குவோர் என்று வரிசை நீளும். இரண்டாண்டு தோள்பட்டை மட்டுமே இணைத்தவனுக்கு ஓவர்லாக் இயந்திரத்தின் ஓசை மாறினாலே ஊசி மழுங்கிவிட்டது தெரியும். முழுச் சட்டை ஒன்றைத் தைக்கத் தெரியாது. அவனுக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை. கற்பித்தால் கம்பெனிக்கு ஒரு பயனும் இல்லை.

வீடு கற்பித்திருக்கலாமே என்பீர்கள். எந்த வீடு? தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து லைன் வீடுகளில் குடியேறிய குடும்பங்களே இங்கு மிகுதி. தந்தையும் தாயும் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால் இரவு எட்டரைக்கு வெளிவருகிறார்கள். பாட்டி ஊரில் இருக்கிறார். அடுப்பருகே நின்று பார்த்துக் கற்பதற்கு, அடுப்பருகே முதலில் ஒருவர் நிற்க வேண்டுமல்லவா? நாம் குழந்தைகளாயிருந்தபோது எவரும் நமக்கு வகுப்பெடுக்கவில்லை. வீட்டில் ஆள் இருந்தார்கள், கண்ணால் கற்றோம். அந்த ஏற்பாட்டைக் கலைத்தது பிள்ளைகள் அல்லர். கலைந்தபின் அதன் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம். வைக்கவில்லை. வைக்காமலே, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொத்தானும் சோறும் அவ்வளவு பெரிய விஷயங்கள் அல்ல. தெரியாதவன் ஒரு மாதம் தனியே வாழ்ந்தால் இரண்டையும் கற்றுவிடுவான். தெரியாமற்போனால் ஒரு வாழ்க்கையையே விலையாகக் கேட்கும் வேறு சில உண்டு. அவற்றைப் பற்றி எந்தப் பந்தியிலும் பேச்சு எழுவதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஞாயிறு மாலை இளையோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தான். கையில் நான்காய் மடித்த ஒரு சிறு அட்டை. தங்கையின் மருத்துவச் செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறான். அட்டையில் நாள்தோறும் கட்டிய தொகைக்குக் கையொப்பங்கள் இருந்தன.

"வட்டி எவ்வளவு தம்பி?" என்றோம்.

"வட்டியே இல்லீங்ண்ணா. நூறு நாளைக்கு நூறு நூறு ரூபா கட்டினாப் போதுமுங்க."

"கைக்கு எவ்வளவு வந்தது?"

"எட்டாயிரத்து ஐந்நூறுங்க. மீதி செலவுக்குப் புடிச்சுக்கிட்டாங்க."

தாளும் பேனாவும் எடுத்து அவனோடு அமர்ந்தோம். வாங்கியது 8,500. திருப்பிக் கொடுப்பது 10,000. கூடுதலாகப் போவது 1,500. அது 8,500 ரூபாயை நூறு நாள் முழுதும் வைத்திருந்ததற்கான கூலியும் அன்று. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக அவன் கையில் இருந்தது அதில் ஏறக்குறையப் பாதிதான். கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 120 ரூபாய் அளவில் வட்டி. அவன் நம்மைப் பார்த்தான். பிறகு அட்டையைப் பார்த்தான். "பன்னண்டாவதுல கணக்குல பாஸுங்க" என்றான், நம்மிடம் மன்னிப்புக் கேட்பவன் போல.

அவன் ஒருவன் மட்டும் இப்படியா? 2024 சனவரியில் வெளியான ‘ஏசர்’ ஆய்வு, 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில், ஊர்ப்புறத்து 14 முதல் 18 வயதினரிடம் ஒரு நல்ல காரியம் செய்தது. பாடநூல் கேள்விகளோடு நிற்காமல், அன்றாட வாழ்க்கைக் கணக்குகளையும் கொடுத்துப் பார்த்தது. கழித்தல் கணக்கேனும் தெரிந்தவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் கையிலுள்ள பணத்துக்குள் பொருள் வாங்கும் கணக்கைச் சரியாகப் போட்டனர். கடையில் தள்ளுபடி போக விலை என்ன என்பதை ஏறக்குறைய 37 பேர் சொன்னார்கள். கடனைத் திருப்பிச் செலுத்தும் தொகை எவ்வளவு என்பதைச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. அந்த வயதினரில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் ஏதோ ஒரு கல்வி நிலையத்தில் பதிவு பெற்றவர்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்லுகிறது. பள்ளியில் இருக்கிறார்கள், கடன் கணக்குத் தெரியவில்லை. தவணையில் கைப்பேசி விற்கும் கடைக்காரரும் நாள் வட்டிக்காரரும் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமலே அவர்களுக்கு இது தெரியும். கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழகத்தில் 2003 முதல் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கடன் வாங்கிய பிள்ளைக்குத்தான் இரண்டும் தெரியாது.

கடன் அட்டை போலத்தான் சம்பளச் சீட்டும். இங்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றொரு சொல் வழங்குகிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; அதற்கு மேல் இரவு எட்டரை வரை இருந்தால் இன்னோர் அரை. அந்த அரைக்கும் ஒற்றைக் கூலியே போடும் பட்டறைகள் எத்தனையோ. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே உள்ளது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதை விட்டுவிடவில்லை. அப்படியானால் அந்த அரை, கூலிக் கணக்கில் முழு ஷிப்டாக வர வேண்டும். ‘ஒன்றரை’ என்று நாள்தோறும் வாயால் சொல்லும்போதே அரை ஷிப்ட் கூலி காணாமற்போகிறது; காணாமற்போனது தெரியாமலே சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி வாங்கி வருகிறார்கள். 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் வைப்புநிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாயும், ஈ.எஸ்.ஐ.க்கு முக்கால் விழுக்காடாக 90 ரூபாயும் பிடிக்கப்பட்டால், அந்த 90 ரூபாய் நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பெறத் தகுதி தருகிறது என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? பிடிக்கப்பட்ட பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்று பார்க்கும் வழி எத்தனை பேருக்குத் தெரியும்? தங்கையின் மருத்துவச் செலவுக்கு 120 விழுக்காட்டில் கடன் வாங்கிய அந்தத் தம்பியிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்று கேட்டோம். "ஏதோ நம்பர் குடுத்தாங்க" என்றான். உடன்பிறப்புக்கு அச்சலுகை எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதை அன்று நாமும் உடனே சொல்ல இயலவில்லை. தேடிப் படித்துத்தான் சொன்னோம். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதே திருப்பூரில் 1984ஆம் ஆண்டு பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பலர் உயர்நிலைப் பள்ளியைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் பஞ்சப்படி என்றால் என்ன, விலைவாசி ஏறும்போது கூலி ஏன் கூடவே ஏற வேண்டும் என்பதைத் தேநீர்க் கடையில் நின்று விளக்கக்கூடியவர்கள். சங்கத் தட்டியும் வாயிற்கூட்டமும் அவர்களுக்குப் பள்ளியாயின. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்று அதே தெருக்களில் வேலைக்குப் போகிறார்கள். தம் சம்பளத்தில் பஞ்சப்படி எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறார்கள். படிப்பு கூடியது, படிக்க வேண்டிய தாள் ஒன்று மட்டும் கைநழுவிப்போயிற்று.

இத்தகைய அறியாமையால் ஆதாயம் அடைவோர் உண்டு என்பதைச் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. வறிய வீட்டுப் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைத்தால், இறுதியில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தரப்படும் என்பது பேச்சு. காலம் முடியுமுன் உடல்நலம் கெட்டு வெளியேறியவர்கள் பலர் அத்தொகையைப் பெறவே இல்லை. அந்த மூன்றாண்டும் அவர்கள் ஏட்டில் ‘பழகுநர்’. சில மாதங்களில் பழகிவிடக்கூடிய வேலையை மூன்றாண்டு பழகுவதாக எழுதுவானேன்? பழகுநருக்கு முழுக்கூலி தர வேண்டியதில்லை என்பதனால். தொழில் கற்பித்தல் என்னும் தூய சொல்லைக் கூலிக்குறைப்புக்குத் திரையாக்கினார்கள். திட்டத்தின் பெயரையோ மங்கலமாக வைத்தார்கள்.

இவ்விடத்தில் புனித தொன் போஸ்கோ நினைவுக்கு வருகிறார். அவரைப் பற்றி நாம் ஆண்டுதோறும் சனவரி 31 அன்று மறையுரை கேட்கிறோம். ஆனால் அவர் எழுதிய ஒப்பந்தங்களைப் பற்றி யாரும் சொல்லக் கேட்டதில்லை. தூரின் நகரத் தெருக்களில் வேலை தேடி வந்த சிறுவர்களை அவர் வெறுமனே பட்டறைக்கு அனுப்பிவைக்கவில்லை. 1852 பிப்ரவரியில் தச்சு ஆசான் ஒருவருக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையே முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதச் செய்தார். ஆசான் சிறுவனுக்குத் தச்சுத் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலை வாங்கக் கூடாது. தவறினால் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. திருநாள்களில் ஓய்வு தர வேண்டும். ஆசானும், சிறுவனும், அவன் தந்தையும், தொன் போஸ்கோவும் அதில் கையொப்பமிட்டார்கள். அச்சிறுவன் அன்று தச்சுத் தொழிலை மட்டுமா கற்றான்? தான் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கையெழுத்திடவும் கற்றான். நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒப்பந்தம் என்ற ஒன்றையே கண்ணால் காணாமல் வேலைக்குச் சேருகிறார்கள்.

நம் வாதத்தைக் கேட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "அதனால்தான் சொல்கிறேன், எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் எல்லாம் தானாகப் பழகியிருப்பான். படிப்புத்தான் கெடுத்தது." இக்கருத்தை மரியாதையோடு கேட்டோம். ஏற்க இயலாது. கைமடிக்கவும் அடுக்கவும் சிறுவயதில் வந்து நாற்பது வயதிலும் கடன் அட்டையோடு நிற்பவர்களை இதே ராயபுரத்தில் காண்கிறோமே, அவர்களுக்கு எல்லாம் தானாகப் பழகிவிட்டதா?

இந்தப் பேச்சுக்கு நம் மாநிலத்தில் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1953இல் இராசாசி முதலமைச்சராயிருந்தபோது, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் பதவியேற்றதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டதே சரி, அதில் நமக்கு ஐயம் கிடையாது. வண்ணார் மகன் வெளுக்கவும் குயவர் மகன் மண் பிசையவும் கற்றால் போதும் என்பது கல்வியாகாது.

ஆனால் குலத்தொழிலை வாயிற்படிக்கு வெளியே தள்ளியபோது, கைத்தொழிலும் அதனோடு போய்விட்டது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1937 அக்டோபரில், காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய மாநாட்டில் வைத்த ஆதாரக் கல்வி வேறொன்று: எந்தக் குலத்துப் பிள்ளையும் கையால் ஒன்றைச் செய்து, அதன் வழியே கணக்கையும் அறிவியலையும் சமூகத்தையும் கற்க வேண்டும் என்பது. தக்ளியில் நூல் நூற்ற நம் தலைமுறையினருக்கு அதன் கடைசி நிழல் நினைவிருக்கலாம். பிறகு கைத்தொழில் வகுப்பு கால அட்டவணையில் மட்டும் இருந்தது. ஆண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் வந்து அந்த மணி நேரத்தை எடுத்துக்கொள்வார். அப்புறம் அட்டவணையிலிருந்தும் போயிற்று. அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பிள்ளைகளுக்கு வேலைக்கான திறன்களையும் மேற்படிப்பு வழிகளையும் காட்டுகிறது, வரவேற்கிறோம். வேலை கிடைத்த முதல் மாதம் கையில் வரும் சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்பது அதற்கு அடுத்த பாடம். அதை யார் நடத்துவது?

அரசை மட்டும் கேட்டுவிட்டு நம் வாசலை நாம் மறக்கலாகாது. நம் கத்தோலிக்கப் பள்ளிகள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாயிலில் பதாகை கட்டுகின்றன. 600க்கு 580 எடுத்த மகள் வங்கிக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தந்தையின் கையை எதிர்பார்க்கிறாள் என்பதைப் பதாகையில் எழுத முடியாது. திருமண ஆயத்த வகுப்பில் இருநாள் உட்காரும் இணையருக்கு அன்பைப் பற்றியும் பிரமாணிக்கத்தைப் பற்றியும் சொல்லுகிறோம். இருவர் சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதி, வாடகையும் கடனும் போக மீதி என்ன என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுவதில்லை. முதல் ஆண்டுச் சண்டைகளில் பாதி அந்தத் தாள் இல்லாததால் வருவதாகவே நமக்குத் தோன்றுகிறது.

சோறு வடிக்கும் கேள்விக்கும் வருவோம். அதைத் தட்டிக்கழித்ததாக எவரும் நினைக்க வேண்டாம். அந்தக் கேள்வி பெண்பிள்ளையிடம் மட்டுமே கேட்கப்படுகிறது என்பதுதான் நம் வருத்தம். நடுவண் அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் கூலியில்லா வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்டனர். ஆண்களில் 26 பேர். ராயபுரத்தில் ஒரே கம்பெனியில் ஒரே ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு அக்காளும் தம்பியும் வீடு திரும்புகிறார்கள். அக்காள் அடுப்பைப் பற்றவைக்கிறாள். தம்பி கைப்பேசியை எடுக்கிறான். இதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டு, பிறகு தனியே அறை எடுத்துத் தங்கும் அவன் மூன்று வேளையும் புரோட்டாக் கடையில் சம்பளத்தைத் தொலைக்கிறான் என்று அங்கலாய்ப்பவர்களும் நாமே.

நம் பங்கில் இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, ஆலயத்தை ஒட்டிய மறைக்கல்வி அறையில் ஒரு மேசை போடப்படுகிறது. கையெழுத்திட்ட தாள், கையெழுத்திடப் போகும் தாள், சம்பளச் சீட்டு, கடன் அட்டை எதுவாயினும் கொண்டுவரலாம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும், முன்னாள் தொழிற்சங்கத் தோழர் ஒருவரும் அமர்கிறார்கள். பின்னவர் திருப்பலிக்கு வருவதில்லை, மேசைக்குத் தவறுவதில்லை. அந்தத் தம்பி மறு ஞாயிறு தனியாக வரவில்லை. லைன் வீட்டிலிருந்து இருவரை அழைத்து வந்தான். ஒருவன் கையில் தவணைக்கு வாங்கிய வண்டியின் தாள்கள். கணக்கை இம்முறை தம்பியே போட்டான். ஒருமுறை தவறினான், அடித்துவிட்டு மறுபடி போட்டான். தேநீர் ஆண்பிள்ளைகளின் முறை. முதல் வாரம் காய்ச்சிக் காய்ச்சிக் கசாயமாக்கிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். அடுத்த வாரமும் அவர்களே போட வேண்டும் என்று தீர்மானமாயிற்று.